ஐம்பது டாலரும் ஒரு விமான டிக்கெட்டும்

1971 பிப்ரவரியில் ஒரு வார இறுதி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் எலியட் மேசர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் விருந்து கொடுக்கிறார். ஜானி காஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஊருக்கு வந்திருக்கும் பாடகர்கள் அங்கே கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கனடாக்காரர். பெயர் நீல் யங். வயது 25. ஒல்லியான உடம்பு, தோளைத் தொடும் முடி, முதுகை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. கைவசம் நிறையப் புதுப் பாட்டுகள் இருக்கின்றன, உடனே பதிவு செய்ய வேண்டும், டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிதாருக்கு ஒருவர், ஸ்டீல் கிதாருக்கு ஒருவர் கிடைப்பார்களா என்று மேசரிடம் கேட்கிறார்.

கேட்ட நாள் சரியில்லை. ஊரின் முதல்தர வாத்தியக்காரர்கள் பலர் வார இறுதியில் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள் என்று பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மேசர் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார். டிரம்ஸுக்குக் கென்னி பட்ரி. பேஸுக்கு டிம் டிரம்மண்ட். ஸ்டீல் கிதாருக்குப் பென் கீத். கீத் வந்து சேர்ந்தபோது வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. யாருக்கு வாசிக்கிறோம் என்றே தெரியாமல் ஓசைப்படாமல் உட்கார்ந்து கூடவே வாசிக்க ஆரம்பித்தார். வரிசையாக ஐந்து பாட்டுகள் முடிந்த பிறகுதான் அறிமுகமே நடந்தது.

இப்படி அவசரத்தில் தொடங்கிய 'ஹார்வெஸ்ட்', அதாவது அறுவடை, அவசரமே இல்லாத இசைக்கு இலக்கணம் என்று பெயர் வாங்கியது. 1972ல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்து கேட்கிற பாட்டுகள் என்று நினைத்து இன்றும் புதிதாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்த நிதானம் எங்கிருந்து வந்தது, அதை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனபோது என்ன ஆனது என்பது சாய்வு நாற்காலிக் கதை அல்ல.

நாஷ்வில்லை இசைத் தொழிற்சாலை என்று சொல்வது மிகையில்லை. மூன்று மணி நேரம் ஒரு கால்ஷீட். காலையில் ஒரு பாடகருக்கு, மதியம் இன்னொருவருக்கு, ராத்திரி மூன்றாமவருக்கு என்று ஒரே ஆட்கள் வாசிப்பார்கள். நம் சினிமாப் பாடல் பதிவுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாசிப்பவரின் கெட்டிக்காரத்தனம் வெளியே தெரியக் கூடாது, பாட்டு நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் தர்மம்.

அந்த ஊருக்கு ராக் பாடகர்கள் வருவது அப்போது புதிய சங்கதி. கன்ட்ரி என்பது தென் மாநிலங்களின் வெள்ளைக்காரக் குடியானவர்கள் பாட்டு. குடும்பம், கோயில், குடி, பிரிவு எல்லாம் அதில் உண்டு. ராக் நீள்முடி வளர்த்த இளைஞர்களுடையது. வியட்நாம் போர் இந்த இரண்டு கூட்டத்தையும் எதிரெதிரே நிறுத்தி வைத்திருந்தது. 1968ல் பேர்ட்ஸ் குழுவும் 1969ல் பாப் டிலனும் நாஷ்வில்லில் ஆல்பம் பதிவு செய்து வேலியைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். டிலனுக்கு டிரம்ஸ் வாசித்தவர் இதே பட்ரிதான். யங் வந்ததில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னாட்டு வெள்ளையரின் நிறவெறியைக் காய்ச்சி எடுத்து 1970ல்தான் ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார். 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்திலும் அலபாமா மாநிலத்தின் பெயரிலேயே ஒன்று உண்டு. இதற்குப் பதிலடியாகத்தான் 1974ல் லினர்ட் ஸ்கினர்ட் என்ற தென்னாட்டுக் குழு, யங்கைப் பெயர் சொல்லிச் சாடி 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாடியது. திட்டிய ஊரிலேயே போய் உட்கார்ந்து அவர்களுடைய ஆட்களை வைத்துக்கொண்டே பாடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அல்லது அதைப் பற்றி யோசிக்காத வெகுளித்தனம் வேண்டும். யங்கிடம் இரண்டும் இருந்தன.

ஸ்டூடியோ ஒரு பழைய மாடி வீடு. வாசல் தாழ்வாரம்தான் கன்ட்ரோல் ரூம். யங் தன் பாட்டை கிதாரில் ஒரு தடவை வாசித்துக் காட்டுவார். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பாட்டு பழகிப் புளித்துப் போவதற்குள் பதிவு முடிந்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதைவிடப் பெரிய பிடிவாதம் குறைத்து வாசிக்கச் சொன்னது. நாட்டின் மிகச் சிறந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரை வரவழைத்துவிட்டு, அதை வாசிக்காதே, இதைத் தொடாதே என்றார். ஒரு பாட்டுக்கு வலது கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வாசித்தேன் என்று பட்ரி பிற்காலத்தில் பாதி எரிச்சலும் பாதி வியப்புமாகச் சொல்லியிருக்கிறார். பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். வேகமாக வாசிப்பது கைப்பழக்கம். வாசிக்காமல் இருப்பது வேறு வித்தை. 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டை இன்னொரு முறை கேட்டால், அதில் டிரம்ஸ் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்பது தெரியும். வண்டி மாடு தெரிந்த பாதையில் தானாக நடப்பது போன்ற நடை. யங்கின் மவுத் ஆர்கனும் கீத்தின் ஸ்டீல் கிதாரும் அதன் மேல் மெல்லப் போகின்றன. யங்கின் குரல் ஆண் குரலுக்கு அதிகமான உச்சத்தில், உடைந்துவிடுமோ என்று பயம் காட்டிக்கொண்டே போகும். கடைசிவரை உடையாது.

அந்த வார இறுதியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஜேம்ஸ் டெய்லரும் லிண்டா ரான்ஸ்டட்டும் அதே தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வந்தவர்கள். டெய்லர் மிக உயரம். அவருக்குச் சரியான மட்டத்தில் தன் வாய் வர வேண்டும் என்பதற்காக ரான்ஸ்டட் சோபாவில் முட்டி போட்டுக்கொண்டு பாடினார். விடிகிற வரை பாடினார்கள். 'ஓல்ட் மேன்' பாட்டில் கேட்கும் ஆறு தந்தி பேஞ்ஜோவை வாசித்ததும் டெய்லர்தான்.

'ஓல்ட் மேன்' பாட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கதை இருக்கிறது. 1970ல் யங் வடக்குக் கலிஃபோர்னியாவின் மலைப் பகுதியில் மூன்றரை லட்சம் டாலருக்கு ஒரு பண்ணை வாங்கினார். அங்கே காவல் பார்த்துவந்த பெரியவர் ஜீப்பில் அவரைக் கூட்டிப் போய் இடத்தைச் சுற்றிக் காட்டினார். இவ்வளவு சின்ன வயதில் இந்த மாதிரி சொத்து எப்படி உனக்கு வந்தது என்று கேட்டார். ஏதோ அதிர்ஷ்டம் என்றார் யங். பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெரியவரைப் பார்த்து, நானும் உங்களைப் போன்றவன்தான் என்று சொல்கிற பாட்டு அது. 24 வயதில் எழுதியது.

அதிர்ஷ்டத்துக்கு விலையும் இருந்தது. அந்தப் பண்ணை வீட்டில் கனமான வால்நட் மரப்பலகைகளைத் தூக்கப்போய் யங்கின் முதுகுத் தட்டு விலகிவிட்டது. ஐந்து வயதில் போலியோ வந்து பிழைத்த உடம்பு வேறு. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் படுக்கையுமாக இருந்தார். ஒரு நாளில் சில மணி நேரமே எழுந்து நிற்க முடிந்தது. கழுத்தில் மாட்டும் கனமான எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கவே முடியாது. மடியில் வைத்துக்கொள்ளும் மரக் கிதாரோடு நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தக் குளிர்காலத்துக் கச்சேரிகளைச் செய்தார். 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தின் பெரும் பகுதியை முதுகுப் பட்டையோடு பதிவு செய்தேன், அது அவ்வளவு மென்மையாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று 1975ல் ஒரு பேட்டியில் அவரே உடைத்துச் சொன்னார். சாவதானம் என்று ரசிகர்கள் கொண்டாடிய குணம், நிமிர்ந்து நிற்க முடியாத ஒருவருக்கு வாய்த்த ஒரே வழி.

1971 ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பதிவான பாட்டுகளில் எலெக்ட்ரிக் கிதார் திரும்பவும் கேட்கிறது. பண்ணையின் பழைய மரக் கொட்டகைக்குள் ஸ்பீக்கர்களையும் வாத்தியங்களையும் கொண்டுபோய் வைத்து செப்டம்பரில் பதிவு செய்தார்கள். பியானோவில் ஜாக் நிட்ஷே சேர்ந்தார். குழுவுக்கு ஸ்ட்ரே கேட்டர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தெரு முதலைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பர் கிரஹாம் நாஷ் சொல்லும் கதை இந்தக் கொட்டகையைப் பற்றியது. ஆல்பத்தைக் கேட்கலாம் வா என்று யங் கூப்பிட்டாராம். ஸ்டூடியோவுக்குப் போவார் என்று நாஷ் எதிர்பார்க்க, யங் அவரை ஏரியில் ஒரு துடுப்புப் படகில் ஏற்றிவிட்டார். கரையில் இருந்த வீடு முழுவதும் இடது பக்க ஸ்பீக்கர். கொட்டகை முழுவதும் வலது பக்க ஸ்பீக்கர். மேசர் கரைக்கு வந்து எப்படி இருக்கிறது என்று கத்த, கொட்டகையை இன்னும் கூட்டு என்று படகிலிருந்து யங் பதிலுக்குக் கத்தினார். காதால் மட்டுமல்ல, நிலத்தையும் நீரையும் வைத்து இசை கேட்ட மனிதர்.

லண்டன் விஷயத்தில் அவர் கணக்கு தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். 1971ல் அங்கே போனபோது லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து இரண்டு பாட்டுகள் பதிவு செய்தார். ஏற்பாடு நிட்ஷேயுடையது. அந்த ஜனவரியில் டொரான்டோவின் மேஸி ஹாலில் தனி ஆளாகப் பியானோவில் பாடிய அதே பாட்டு, வயலின்களும் மணிகளும் சேர்ந்ததும் தெருக்கூத்து ராஜபார்ட் உடையை வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டதுபோல் ஆகிவிட்டது. யங்கின் பழைய தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ், மேஸி ஹால் கச்சேரியையே ஆல்பமாகப் போடு என்று சண்டை போட்டார். யங் கேட்கவில்லை. 2007ல் அந்தக் கச்சேரி கடைசியில் வெளிவந்தபோது, பிரிக்ஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது என்று எழுதினார். பிரிக்ஸ் இறந்து அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

'ஹார்வெஸ்ட்' 1972 பிப்ரவரியில் வெளியானது. மார்ச்சில் ஆல்பமும் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டும் பில்போர்ட் பட்டியல்களில் முதலிடம். தனிப்பாட்டில் யங் முதலிடம் பிடித்தது அந்த ஒரு முறைதான். அடுத்த வாரமே அவரை இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்தது அமெரிக்கா என்ற புதிய குழுவின் பாட்டு. அதையும் யங்தான் பாடியிருக்கிறார் என்று ரேடியோ கேட்டவர்கள் பலர் நம்பினார்கள். நகலே அசலை இறக்கியது! இன்னொரு பக்கம் பாப் டிலனுக்கு எரிச்சல். ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், இது நான்தானே, ஆனால் நான் இல்லையே என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். விமர்சகர்களில் சிலர் ஆல்பத்தைக் கழுவி ஊற்றினார்கள். வாங்குகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டு மற்றவற்றோடு சேராதது. 'தி நீடில் அண்ட் த டேமேஜ் டன்'. இரண்டு நிமிடம்தான். 1971 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக ராய்ஸ் ஹால் கச்சேரியில் ஒரே ஒரு கிதாரோடு பாடியது அப்படியே எடுத்துப் போடப்பட்டிருக்கிறது. ஹெராயின் ஊசி நல்ல கலைஞர்களை என்ன செய்கிறது என்பது விஷயம். பாடி முடித்ததும் கைதட்டல் எழுகிறது. அது அடங்குவதற்குள் கத்தரித்ததுபோல் அடுத்த பாட்டு மேலே வந்து விழுகிறது. அந்தக் கத்தரிப்பு வேண்டுமென்றே செய்ததோ என்னவோ, கேட்கிறவரை உலுக்குகிறது.

பாடும்போது யங் மனதில் முன்னால் நின்றவர் டேனி விட்டன். ஜார்ஜியாவில் பிறந்த கிதார் கலைஞர், பாடகர். கிரேஸி ஹார்ஸ் குழுவின் உயிர். 1969ல் யங் அந்தக் குழுவோடு சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் யங்கின் கிதாருக்கு எதிர்வழக்காடுவது விட்டனின் கிதார். கூட எழும் குரலும் அவருடையது. கிரேஸி ஹார்ஸ் தனியாக 1971ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு விட்டன் எழுதிய 'ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபௌட் இட்' பாட்டை 1975ல் ராட் ஸ்டூவர்ட் பாடினார். பிறகு அது பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. விட்டன் அதைப் பார்க்க இருக்கவில்லை. மூட்டு வாத நோய் அவருக்கு இருந்தது. வலிக்காகத் தொடங்கியதோ வழக்கத்துக்காகத் தொடங்கியதோ, ஹெராயின் அவரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய சொந்தக் குழுவே அவரை வைத்துச் சமாளிக்க முடியாமல் விலக்கிவிட்டது.

1972ன் இலையுதிர் காலம். 'ஹார்வெஸ்ட்' வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு நாடு முழுவதும் பெரிய அரங்குகளில் சுற்றுப்பயணம் போகத் திட்டம். யங் விட்டனைக் கூப்பிட்டார். இரண்டாவது கிதார் நீ வாசி, பண்ணைக்கு வந்து தங்கு என்றார். நண்பனுக்கு ஒரு வேலையும் ஓர் ஒழுங்கும் கிடைத்தால் தெளிந்துவிடுவான் என்ற நம்பிக்கை. விட்டன் வந்தார். ஒத்திகை நடந்தது. ஸ்ட்ரே கேட்டர்ஸ் ஒரு தடவை கேட்டதும் பாட்டைப் பிடித்துவிடுகிற ஆட்கள். விட்டனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாட்டுகள் நினைவில் நிற்கவில்லை. கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஹெராயினை விட்டுவிட்டார் போலத்தான் இருந்தது. அந்த இடத்துக்கு மதுவும் மாத்திரைகளும் வந்துவிட்டிருந்தன. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் 18 அன்று யங் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் போக ஒரு விமான டிக்கெட்டும் 50 டாலரும் கொடுத்து அனுப்பினார். அன்று ராத்திரியே லாஸ் ஏஞ்சலஸிலிருந்து போன் வந்தது. விட்டன் இறந்துவிட்டார். மதுவும் வேலியம் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. வயது 29.

யங் இதை மறைத்ததில்லை. டேனியை நேசித்தேன், பொறுப்பு என்னுடையது என்று நினைத்தேன் என்று 1975 பேட்டியில் சொன்னார். அதே பேச்சில், அவரால் முடியவில்லை, வேறு வழி இருக்கவில்லை என்றும் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். முதலாளி செய்தது சரி. ஒத்திகையில் ஐந்து பேர் காத்திருக்க ஒருவருக்காக எத்தனை நாள் தள்ளிப்போடுவது? ஆனால் கூப்பிட்டவர் முதலாளியாகக் கூப்பிடவில்லை, நண்பராகக் கூப்பிட்டார். நண்பராகக் கூப்பிட்டு முதலாளியாக அனுப்பியதுதான் உறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. ஊசி என்ன செய்யும் என்பதை நாட்டுக்கே பாடிச் சொன்னவர் அவர். லட்சக்கணக்கான வீடுகளில் அந்தப் பாட்டு சுழன்றுகொண்டிருந்தது. பாட்டுக்குக் காரணமானவரைக் காப்பாற்ற அது ஒரு துரும்பளவுகூட உதவவில்லை. எச்சரிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, ஒருவரைத் தவிர.

ஏழு வாரத்தில் சுற்றுப்பயணம் தொடங்கியது. 1973 ஜனவரி முதல் ஏப்ரல் ஆரம்பம்வரை அறுபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரம் இரண்டாயிரம் பேருக்குப் பாடிப் பழகியவர், இப்போது ஐஸ் ஹாக்கி ஆடும் கொட்டகைகளில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் பேருக்கு முன்னால். வந்தவர்களுக்கு வேண்டியது 'ஹார்ட் ஆஃப் கோல்ட்'. அதைப் பாடத்தான் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு விளக்குகள் மாறி, யாரும் கேட்டிராத புதுப் பாட்டுகள் கரடுமுரடாக, காது கிழிகிற சத்தத்தில் வரும். விட்டன் மரணத்தை ஒட்டி எழுதிய 'டோன்ட் பி டினைட்' அவற்றில் ஒன்று. அப்பா வீட்டை விட்டுப் போனது, புதுப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, கடைசியில் கையில் வந்த பணம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதிய இசை கேட்க டிக்கெட் வாங்கியவர்கள் விழித்தார்கள்.

குழுவுக்குள்ளும் சுருதி சேரவில்லை. நாஷ்வில்லில் நித்தம் கால்ஷீட் வாங்குகிறவர் மூன்று மாதம் ஊரை விட்டு வந்தால் நஷ்டம் என்று பட்ரி ஒரு லட்சம் டாலர் கேட்டார். மற்றவர்களும் விஷயம் தெரிந்ததும் அதே தொகை கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. கேட்ட நேரம்தான் பொல்லாதது. அடக்கமாக வாசிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த அதே பட்ரியிடம் இப்போது மேடையில் இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்றார் யங். பாதியிலேயே பட்ரி விலக, ஜானி பார்பாட்டா வந்து உட்கார்ந்தார். யங் டெக்கீலாவில் முழுகினார். கையில் எடுத்த கிதார் சுருதியில் நிற்கவில்லை. தொண்டை புண்ணாகிக் குரல் கம்மியது. கடைசிக் கட்டத்தில் டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நாஷும் வந்து தோள் கொடுத்தார்கள்.

ஒரே ஓர் இரவு வேறு மாதிரி. ஜனவரி 23, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். பாடிக்கொண்டிருந்தவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். வியட்நாமில் போர் நிறுத்தம். யங் மைக்கில் அதைச் சொன்னதும் அரங்கம் வெடித்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில் மேடையும் கூட்டமும் ஒன்றாக மகிழ்ந்த தருணம் இசையால் வந்ததல்ல.

இவ்வளவையும் மறந்துவிடாமல் யங் ஆல்பமாகப் போட்டார் என்பதுதான் வியப்பு. 1973 அக்டோபரில் வந்த 'டைம் ஃபேட்ஸ் அவே', அந்தப் பயணத்துக் கச்சேரிகளிலிருந்து எடுத்த புதுப் பாட்டுகள். வழுக்கல், அபஸ்வரம், கம்மிய குரல் எதையும் திருத்தவில்லை. 'ஹார்வெஸ்ட்' வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். கூர்ந்து கேட்டால் ஒன்று தெரியும். அத்தனை கூச்சலுக்கும் நடுவில் ஒரு பாட்டு தனிப் பியானோவோடு அமைதியாக வருகிறது. அது அந்தப் பயணத்தில் பாடியதே அல்ல. 1971 ஜனவரி 30, ராய்ஸ் ஹால். ஊசிப் பாட்டைப் பாடிய அதே மாலை. விட்டன் உயிரோடு இருந்த காலத்து ஒரு துண்டு.

தன் ஆல்பங்களிலேயே மோசமானது இதுதான் என்று யங் ஒரு கட்டத்தில் சொன்னார். கேட்க மனம் வரவில்லையோ, கேட்கவிட மனம் வரவில்லையோ, பழைய சரக்கெல்லாம் சிடியில் வந்த பிறகும் இதை மட்டும் வெளியிட மறுத்தார். 2014ல் மறுபடியும் இசைத்தட்டாகவும் 2017ல் முதல் முறையாகச் சிடியாகவும் வந்தது. 2019ல் அதே பயணத்தின் இன்னொரு கச்சேரியும் வெளியானது: 1973 பிப்ரவரி 5, அலபாமா பல்கலைக்கழகம், டஸ்கலூசா. பட்ரி இன்னும் டிரம்ஸில் இருக்கிறார். அலபாமாவிலேயே நின்றுகொண்டு 'அலபாமா' பாடுகிறார் யங். வாசிப்பு சுத்தமாக, சூடாக இருக்கிறது. எல்லா இரவுகளும் அவர் நினைவில் இருந்ததுபோல் நாசமாகவில்லை என்பதற்கு அது சாட்சி.

1977ல் தன் பழைய பாட்டுகளைத் தொகுத்தபோது 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பாட்டு தன்னை நடுச்சாலையில் கொண்டுவிட்டதாம். அங்கே போய்க்கொண்டிருப்பது சலித்துவிட்டதால் ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்து வண்டியை ஓட்டினாராம். ரசிகர்களுக்கு மிகப் பிடித்த வாசகம். அந்தப் பள்ளத்தில் பிறந்த ஆல்பங்களையே அவருடைய உச்சம் என்று பலர் கருதுகிறார்கள். அதில் கொஞ்சம் பின்னாளைய வீறாப்பும் இருக்கலாம். சலித்துப்போய் யாரும் அவ்வளவு வேகமாகச் சாலையை விட்டு இறங்குவதில்லை. நவம்பர் ராத்திரி ஒரு போன் வந்தால் இறங்குவார்கள்.

திரும்பி வர அவருக்கு 20 வருடம் பிடித்தது. அதற்கும் உடம்புதான் காரணம். 1991ல் கிரேஸி ஹார்ஸோடு உச்சச் சத்தத்தில் செய்த சுற்றுப்பயணம் அவர் காதுகளைப் பாழாக்கியிருந்தது. ஓயாத இரைச்சல். சத்தமான இசை முடியாது. பண்ணைக்கு பழையவர்களைக் கூப்பிட்டார். பென் கீத் வந்தார். டிம் டிரம்மண்ட் வந்தார். பாட வந்தார்கள் ரான்ஸ்டட்டும் டெய்லரும். ஒரு லட்சம் டாலர் கேட்டுப் பாதியில் போன கென்னி பட்ரியும் வந்தார். 1992ல் வெளியான 'ஹார்வெஸ்ட் மூன்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் தாளத்தோடு இழையும் ஒரு சரசரப்பு கேட்கும். வாத்தியம் அல்ல. யங்கின் கிதார்களைப் பராமரிக்கும் லாரி கிராக் மைக்குக்கு முன்னால் நின்று, துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.